முப்பத்தெட்டு ஜி.பி.

லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தன் படிக்கட்டில் விழுந்து காலை உடைத்துக்கொண்டான் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பதினேழு வருஷம் இருபது மாடிக் குழிக்குள் இரும்புக் கயிற்றுக்கு நடுவில் நின்று வேலை பார்த்துவிட்டு ஒரு கீறல் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தவன், தன் குடியிருப்பின் மூன்றாவது மாடியிலிருந்து குப்பை வாளியோடு இறங்கும்போது கடைசிப் படியில் கால் பிசகி விழுந்தான். கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. பார்க்க வந்தவர்கள் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, வாசலைத் தாண்டியதும் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினார்கள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது என்பது வேறு அவர்களுக்குச் சொல்லிச் சிரிக்க வசதியாகப் போய்விட்டது.

முதல் வாரம் வலியில் போனது. இரண்டாம் வாரம் தூக்கத்தில் போனது. மூன்றாம் வாரம்தான் அவனுக்குப் பொழுது போகாமல், வீட்டைக் கவனிக்க ஆரம்பித்தான்.

வீட்டில் கவனிக்க இருந்தது அவன் மனைவி ஒருத்திதான். பெண் படிப்புக்காக வேறு ஊரில் விடுதியில் இருந்தாள். மனைவிக்கு வீட்டிலேயே வேலை. முன்னறையில் ஜன்னலோரம் ஒரு நீள மேஜை, அதன்மேல் பெரிய திரையோடு கம்ப்யூட்டர், பக்கத்தில் ஆள் உயரத்துக்குச் சுருட்டி நிறுத்திய காகிதம், சுவரெல்லாம் ஆணியில் தொங்கும் அட்டை வெட்டுகள். யூனிஃபார்ம் தைக்கிற தொழிற்சாலை ஒன்றுக்கு அவள் பேட்டர்ன் போட்டுக் கொடுத்தாள். துணியை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும், தோள் எவ்வளவு இறங்க வேண்டும், கை எங்கே வந்து சேர வேண்டும் என்று கோடு போட்டுத் தருகிற வேலை. நடு சைஸில் ஒன்றே ஒன்றைத் திருத்தமாகப் போடுவாள். அதைப் பெரிதாக்கவும் சின்னதாக்கவும் எந்த இடத்தில் எத்தனை நூல் கூட்டுவது, எத்தனை நூல் குறைப்பது என்று ஒவ்வொரு யூனிஃபார்முக்கும் ஓர் அட்டவணை வைத்திருந்தாள். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது தையல்காரர் கணக்கு.

"உடம்பு பெருக்கறப்ப எல்லா இடமும் ஒண்ணுபோல பெருக்காது. இடுப்பு போடும், தோள் அப்படியே நிக்கும்" என்பாள். ஆறு வருஷம், தைத்துப் பார்த்து, போட்டுப் பார்த்தவர்களின் திட்டைக் கேட்டு, மாற்றி மாற்றிச் சேர்த்த அட்டவணை. அது நோட்டில் இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

இதையெல்லாம் அவன் இப்போதுதான் பார்த்தான். காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு ஏழுக்குத் திரும்புகிறவனுக்கு, நடுவில் இருக்கிற பன்னிரண்டு மணி நேரம் தன் வீட்டில் எப்படிக் கழிகிறது என்று எப்படித் தெரியும்? அவள் குனிந்து நிமிர்வதும், பென்சிலைக் கொண்டையில் செருகிவிட்டு மேஜையெல்லாம் தேடுவதும், மத்தியானம் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வதும் அவனுக்குப் புதுசாக இருந்தன.

புதுசாக இன்னொன்றும் இருந்தது. அவள் சிரிப்பு.

தொழிற்சாலையில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் ஒருவர் ஒரு நாளைக்கு நாலு தடவை அவளோடு போனில் பேசினார். நடுநடுவே மெசேஜ் வேறு. டிங் என்று ஒரு சத்தம் கேட்கும். அவள் படிப்பாள். புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பாள்.

"என்ன?" என்பான் கட்டிலில் இருந்தபடி.

"ஒண்ணுமில்ல, மாஸ்டர் ஏதோ சொல்றாரு."

கட்டையை ஊன்றிக்கொண்டு அவன் மெல்ல அவள் பின்னால் போய் நின்றால், அவள் கை சட்டென்று அசையும். திரையில் இருந்தது சுருங்கிக் கீழே போய்விடும். ஏன் மூடினாய் என்று அவன் கேட்கமாட்டான். கேட்காமல் திரும்பிப் போய் உட்கார்ந்து, கேட்காததையே நினைத்துக்கொண்டிருப்பான். இப்படி ஒன்பது நாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் தன்னோடு பேசி அவள் அப்படிச் சிரித்தது எப்போது என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். எண்ணிக்கை விரலைத் தாண்டவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வானம் இறுகிக் கிடந்தது, காற்றே இல்லை. அவள் மாதிரி சட்டைகளைப் பையில் அடுக்கிக்கொண்டு தொழிற்சாலைக்குக் கிளம்பினாள். ஓர் ஆஸ்பத்திரியின் துப்புரவுப் பணியாளர்களுக்கு ஒன்பது சைஸில் யூனிஃபார்ம். வெள்ளிக்கிழமை எல்லா சைஸும் போய்ச் சேர வேண்டும்.

"என்னங்க, சும்மாதானே இருக்கீங்க, ஒரு உதவி பண்ணுங்க. கம்ப்யூட்டர்ல சி டிரைவ் நிறைஞ்சு சிவப்பாயிடுச்சு. ஒரு ஃபைலைச் சேமிக்க விடமாட்டேங்குது. உங்க சினிமா, மேட்ச்சு எல்லாம் டவுன்லோட்ஸ்ல கொட்டிக் கிடக்கு. அதை மட்டும் அழிச்சு வைங்க."

"சரி."

"அதை மட்டும். வேற எதையும் தொடாதீங்க."

அவள் செருப்புச் சத்தம் படியில் இறங்கித் தேய்ந்தது. அவன் அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். சொன்னபடி படங்களையெல்லாம் அழித்தான், குப்பைத் தொட்டியையும் காலி பண்ணினான். பதினோரு ஜி.பி. கிடைத்தது. சிவப்புக் கோடு நீலமாயிற்று. வேலை அங்கே முடிந்தது.

முடிந்தது என்று எழுந்திருக்கலாம். ஆனால் அந்த 'வேற எதையும்' அவன் காதிலேயே நின்றது. போனில் ஒரு வீடியோவைப் போட்டான். கம்ப்யூட்டரில் இடம் பண்ணுவது எப்படி என்று ஒருவன் மூச்சு விடாமல் பேசினான். 'வியூ'வுக்குப் போங்க, 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' என்ற இடத்தில் டிக் போடுங்க, மறைந்திருக்கிற ஃபோல்டர் எல்லாம் வெளியே வரும் என்றான். அழிக்கச் சொல்லவில்லை, அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் சொன்னான். அதற்குமேல் கேட்க இவனுக்குப் பொறுமை இல்லை.

டிக் போட்டான். அவள் பெயரில் இருந்த இடத்தில், ஒரு நொடிக்கு முன் எதுவும் இல்லாத வரிசையில், மங்கலாக ஒரு ஃபோல்டர் வந்து நின்றது. மற்றதெல்லாம் பளிச்சென்ற மஞ்சள். இது மட்டும் வெளுத்துப்போன மஞ்சள். ஆப்டேட்டா என்று போட்டிருந்தது. எவ்வளவு பெரிது என்று பார்த்தான். முப்பத்தெட்டு ஜி.பி.

'மறைச்சு வச்சிருக்கா. இவ்வளவு பெருசா மறைச்சு வச்சிருக்கா.'

உள்ளே போனான். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று. மேலே தேடுகிற பெட்டி இருந்தது. ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினான். மெசேஜ் என்று தேடினான். சாட் என்று தேடினான். போட்டோ என்று தேடினான். மாஸ்டர் என்று போட்டபோது நாற்பதுக்கு மேல் வந்து விழுந்தன. ஒன்றைத் திறந்தான். கட்டம் கட்டமாகவும் புள்ளியாகவும் புரியாத எழுத்துகள். இன்னொன்றைத் திறந்தான், அதுவும் அப்படியே. ரகசிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள் என்றுகூட அந்த நேரத்துக்கு அவனுக்குத் தோன்றியது. கடைசியாக, காது சூடேற, இன்னொரு வார்த்தையும் போட்டுத் தேடினான்.

அவன் நினைத்தது எதுவும் கிடைக்கவில்லை. நிம்மதி வர வேண்டிய இடத்தில் ஆத்திரம்தான் வந்தது. ஃபோல்டரை மொத்தமாகப் பிடித்து, ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலீட்டைத் தட்டினான். இடம் பண்ணித் தருகிறோம் என்று பாதி மனசு சொன்னது. என்னவோ அது ஒழியட்டும் என்று மீதி மனசு சொன்னது. சில ஃபைல்கள் உபயோகத்தில் இருக்கின்றன என்று மிஷின் தடுத்தது. அவன் 'எல்லாவற்றையும் தாண்டு' என்று அழுத்தினான். பச்சைக் கோடு நகர்ந்தது. பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முடித்துவிட்டு ஒரு தடவை அணைத்துப் போட்டான். திரை வேறு மாதிரி எழுந்தது. அவள் வைத்திருந்த பூப்படம் இல்லை. பேட்டர்ன் போடுகிற சாஃப்ட்வேரைத் திறந்தான். அது, முன்பின் பார்க்காத ஆளைக் கேட்பதுபோல, பெயர் என்ன, அளவு அங்குலமா சென்டிமீட்டரா என்று கேட்டது. அட்டவணை என்று இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள்.

அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. அழிந்ததை மீட்கிற சாஃப்ட்வேர் என்று ஏதோ ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி ஏற்றினான். அது சரிவராமல் இன்னொன்றை இறக்கினான். இரண்டும் காசு கட்டச் சொல்லி நின்றன. அவள் படியேறி வரும் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கட்டிலுக்கு ஓடினான். ஓடினான் என்பது பேச்சுக்கு. நொண்டினான்.

"என்னங்க ஆச்சு இதுக்கு?" அவள் நின்றபடியே மவுஸை அசைத்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் புதுசு மாதிரி கேக்குதே. என் டேபிள் எங்க?"

"கரண்ட் வந்து வந்து போச்சு" என்றான். வாயிலிருந்து அது அவ்வளவு லேசாக வந்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. "ரெண்டு தடவை போச்சு."

"அடக் கடவுளே."

அவள் கரண்டைத் திட்டினாள். கரண்டு ஆபீசைத் திட்டினாள். எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்க வீட்டுலயும் ஏதாவது கெட்டுப் போச்சாம்மா, கரண்ட் போனதுல?" என்று கேட்டாள். "கரண்ட் போகவே இல்லையே, நான் காலையில இருந்து மாவாட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று அந்த அம்மாள் சொன்னது கட்டில்வரை கேட்டது. அவன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினான். அவள் உள்ளே வந்தாள். "நம்ம லைன்ல மட்டும் போயிருக்கு போல" என்றாள். அவனைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை, தூறலில் நனைந்தபடி அவள் தம்பி வந்து சேர்ந்தான். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை. லிஃப்ட்காரன் அவனுக்கு வைத்திருந்த பெயர் ஸ்க்ரூ. சின்ன வயசில் வீட்டு ரேடியோவைக் கழற்றி மாட்டிவிட்டு, மிச்சமான ஒரு ஸ்க்ரூவைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தவன் என்பதால் வந்த பெயர். விசேஷம் தவறாமல் நாலு பேர் நடுவில் அந்தக் கதையைச் சொல்லி அவனைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைப்பது லிஃப்ட்காரனின் வழக்கம். அவனும் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வான்.

இன்று அவன் சிரிக்கவில்லை. பத்து நிமிஷம் தட்டிப் பார்த்தான். பிறகு, "அக்கா, சூடா டீ போடேன். அப்படியே கீழ போய் பிஸ்கட் வாங்கிட்டு வா, காலையில ஒண்ணும் சாப்பிடல" என்றான்.

அவள் கீழே போனதும் நாற்காலியைத் திருப்பினான்.

"மாமா, கரண்ட் போனா பாத்துப் பாத்து ஒரு ஃபோல்டரை மட்டும் தூக்கிக்கிட்டுப் போகாது."

லிஃப்ட்காரன் தன் மாவுக்கட்டைப் பார்த்தான்.

"யார் அழிச்சது?"

"இடம் பண்ணச் சொன்னா. நான் பண்ணேன்."

"அழிச்சதுக்கப்புறம் எதாச்சும் இறக்குனீங்களா?"

"மீட்கறதுக்குன்னு ரெண்டு சாஃப்ட்வேர்..."

ஸ்க்ரூ நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "அழிச்சதைக் கூட எடுத்துடலாம் மாமா. அழிக்கறதுன்னா அது உடனே மறைஞ்சு போறதில்ல. இந்த இடம் காலி, யார் வேணா வந்து உக்காரலாம்னு மிஷின் எழுதி வைக்குது, அவ்வளவுதான். பழைய ஆளு அங்கதான் இருப்பான். புதுசா ஒண்ணு வந்து மேல உக்காந்தாத்தான் போச்சு. நீங்க ரெண்டு பேரைக் கொண்டுவந்து உக்கார வச்சிருக்கீங்க. தொடாம அணைச்சுப் போட்டுட்டு எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா முக்காவாசி எடுத்திருப்பேன்."

"அது மறைச்சு வச்சிருந்துச்சுடா. தேவையில்லாததுன்னு நினைச்சேன்."

"மறைச்சு வச்சது இல்ல மாமா, ஒதுக்கி வச்சது. ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தன் ஆளோட பழக்கம், அளவு, அட்டவணை எல்லாத்தையும் அதுலதான் வச்சுக்கும். நம்ம கை தெரியாம பட்டுடக் கூடாதுன்னுதான் கண்ணுல காட்டறதில்ல. உங்க லிஃப்ட்டுக்கு மேல மொட்டை மாடியில ஒரு ரூம் இருக்குமே, மோட்டார் ரூம். பூட்டித்தானே வைக்கறீங்க? உள்ள யாரையாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா என்ன?"

அந்த ரூம் பூட்டை உடைத்த வாட்ச்மேன் ஒருவரைப் போன வருஷம் நடு ரோட்டில் நிற்க வைத்து லிஃப்ட்காரன் கத்தியிருக்கிறான்.

"இடம் வேணும்னா செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ்னு இருக்கு. உள்ள டெம்பரரி ஃபைல்ஸ். எதெதை அழிச்சா ஆபத்து இல்லன்னு அதுவே பட்டியல் போடும். அதுலயும் டவுன்லோட்ஸ்க்கு நேரா டிக் இருக்கான்னு பாத்துட்டுத்தான் அழுத்தணும். பெரிய வீடியோவை வேற டிரைவுக்கு மாத்தலாம். வேண்டாத சாஃப்ட்வேரை, எடுக்கற வழியில எடுக்கலாம். ஃபோல்டரைக் கையால பிடுங்கவே கூடாது. ஆமா, அட்டவணையைக் காப்பி எடுத்து வைக்கச் சொல்லி அக்காகிட்ட ஒரு பென்டிரைவ் குடுத்தேனே, அது எங்க?"

அந்தப் பென்டிரைவ் டிவியின் பின்னால் செருகி இருந்தது. அதில் இருந்ததைத் துடைத்துவிட்டு லிஃப்ட்காரன்தான் பாட்டு ஏற்றியிருந்தான். டிவியைக் கையால் காட்டினான்.

ஸ்க்ரூ எழுந்து போய் அதைப் பார்த்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான். பிறகு ஃபோல்டர் ஜன்னலைத் திறந்து, தேடுகிற பெட்டியில் ஒரு தடவை அம்புக்குறியை வைத்து அழுத்தினான். லிஃப்ட்காரன் முந்தின நாள் தட்டிய வார்த்தைகள் அத்தனையும் கீழே வரிசையாக இறங்கி நின்றன. மெசேஜ். சாட். போட்டோ. மாஸ்டர். அதற்குமேல் இருந்ததும்.

"இது வேற இடத்துல பதிவாகறது" என்றான் ஸ்க்ரூ, அவன் முகத்தைப் பார்க்காமல். "அந்த ஃபோல்டரோட போகல."

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை. ஸ்க்ரூ ஒவ்வொரு வார்த்தையாக அழித்தான். கடைசி வார்த்தை போனதும் ஜன்னலை மூடினான்.

"அக்காகிட்ட நீங்கதான் அழிச்சீங்கன்னு சொல்லித்தான் ஆகணும். வேலை நடக்கணும்ல. இது எதுவும் நான் பாக்கல."

திட்டியிருந்தால் லிஃப்ட்காரன் தாங்கியிருப்பான். ஸ்க்ரூ கதையைச் சொல்லிச் சொல்லி இத்தனை வருஷம் சிரித்த வாய் ஒட்டிக்கொண்டது. "மாப்ளே" என்று ஆரம்பித்தான். அப்படி அவன் கூப்பிட்டதே கிடையாது.

அவள் பிஸ்கட் பொட்டலத்தோடு வந்தாள். தம்பி சொன்னான், மாமா இடம் பண்ணப் போய்த் தெரியாமல் அழித்துவிட்டார் என்று. அவள் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள்.

"கரண்டுன்னு சொன்னீங்களே" என்றாள்.

"பயந்துட்டேன்."

"எதிர் வீட்டு அம்மாகிட்ட போய்க் கேட்டேனேங்க. என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்க?" அவள் குரல் உயரவில்லை. டீயை ஊற்றித் தம்பிக்குக் கொடுத்தாள். அவனுக்கும் கொடுத்தாள். பிஸ்கட்டைப் பிரித்து அவன் பக்கம் நகர்த்தினாள். அதை எடுக்க அவன் கை நீளவில்லை.

ஸ்க்ரூ டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தான். பதினாலு அட்டவணையில் மூன்று கிடைத்தன. அந்த மூன்றிலும் ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் இல்லை.

வியாழக்கிழமை காலை கட்டிங் மாஸ்டரே வந்துவிட்டார். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க, இரண்டு பெரிய பைகளோடு வாசலில் நின்றார். ஐம்பத்தெட்டு வயசிருக்கும். தடிமனான கண்ணாடி, வலது கட்டைவிரலில் கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்த தழும்பு. லிஃப்ட்காரன் மனசில் இருந்த மாஸ்டருக்குத் தலை நிறைய முடி இருந்தது. இவருக்குச் சுத்தமாக இல்லை.

"தம்பி, எழுந்திருக்காதீங்க, எழுந்திருக்காதீங்க. கால் எப்படி இருக்கு?" என்று நேராகக் கட்டிலுக்குத்தான் வந்தார். "உங்க கதையைக் கேட்டுக் கேட்டு உங்களைப் பாக்காமலே பழகின மாதிரி ஆயிடுச்சு. விழுந்தப்பவும் குப்பை வாளியை விடலையாமே? கட்டிப் பிடிச்சுக்கிட்டே கிடந்தீங்களாமே? அதை நான் கட்டிங் டேபிள்ல சொல்லி, அன்னிக்கு ஒருத்தன் துணியைக் கோணலா வெட்டிட்டான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மனைவி மேஜையிலிருந்து, "மாஸ்டர், போதும்" என்றாள். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள்.

லிஃப்ட்காரன் தலையை ஆட்டினான். சிரிக்க முயன்று உதடு கோணிக்கொண்டது.

மாஸ்டர் பையைக் கவிழ்த்தார். முன்னால் தைத்துப் பார்த்த சாம்பிள் சட்டைகளும் பேன்ட்டுகளும், ஆறு சைஸ் இருந்தன, மூன்று இல்லை. "கிடைச்சதைப் பொறுக்கிக்கிட்டு வந்தேன். இதை அளந்து கணக்கைத் திரும்பப் பிடிச்சிடலாம். வெள்ளிக்கிழமை முடியலைன்னா நான் மேல சொல்லிக்கறேன், நீ பதறாதே" என்றார் அவளிடம். டீ குடித்தார். கிளம்பும்போது கட்டில் பக்கம் வந்து, அவன் தோளைத் தொட்டு, "மிஷின்ல தப்பு பண்ணாத ஆளே கிடையாது தம்பி. நான் ஒரு தடவை நூத்திருபது சட்டைக்கு ரெண்டு இடது கை வெட்டினவன்" என்றார்.

அந்தக் கை தோளில் இருந்த அத்தனை நேரமும் அவன் மூச்சை உள்ளேயே வைத்திருந்தான்.

மத்தியானம்வரை இரண்டு பேரும் அளந்தார்கள். அவன் கட்டிலில் உட்கார்ந்து சட்டையை விரித்து இஞ்ச் டேப்பைப் பிடிப்பான், சொல்வான். அவள் காகிதத்தில் எழுதுவாள். மூன்று முறை அவன் தப்பாகச் சொன்னான். அவள் எழுந்து வந்து, டேப்பின் நுனியை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். வெயில் வந்து ஈரமெல்லாம் புழுக்கமாக மாறியிருந்தது. சட்டைகளில் இருந்த கஞ்சி வாடை அறையை நிறைத்தது. ஆறாவது சைஸும் முடிந்தது.

"மீதி மூணுக்கு என்ன பண்றது?" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கண்ணைத் தேய்த்தாள்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஸ்க்ரூ சொல்லப் போவதில்லை. மிஷினிலும் இல்லை. ஆனால் அவள் கண்ணைத் தேய்த்த விதத்தைப் பார்த்ததும் அவனால் முடியவில்லை.

"நான் இடம் பண்றதுக்காக மட்டும் அதைத் திறக்கல" என்றான்.

அவள் திரும்பினாள்.

"தேடினேன்."

"எதை?"

"நீ... நீயும் மாஸ்டரும் ஏதாவது எழுதிக்கிட்டிருக்கீங்களான்னு."

அவள் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. எங்கேயோ தூரத்தில் கூப்பிட்ட சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பவள்போல இருந்தாள். பிறகு பென்சிலைக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாளா?"

"ஒன்பது நாளா."

"என்ன வார்த்தை போட்டுத் தேடினீங்க?"

"விடேன், அதெல்லாம்..."

"சொல்லுங்க. ஒண்ணொண்ணா சொல்லுங்க."

"மெசேஜ்."

"அப்புறம்?"

"சாட். போட்டோ."

"அப்புறம்?"

"மாஸ்டர்."

"அவ்வளவுதானா?"

அவன் டேப்பை விரலில் சுற்றினான், அவிழ்த்தான். "லவ்வுன்னும் போட்டேன்."

"என்ன வந்துச்சு?"

"கையுறை படம் ஒண்ணு வந்துச்சு. கிளவ்ஸ். அந்த வார்த்தைக்குள்ள லவ் இருக்குல்ல, அதனால."

வேறு நாளாக இருந்தால் இதற்கு அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது உதடுகூட அசையவில்லை.

"நீ நான் வந்தா அதை மூடுவே" என்றான், குழந்தை மாதிரி.

"நீங்க பின்னால வந்து நின்னா எனக்குக் கை ஓடாது. இது என்ன கோடு, அது ஏன் வளைஞ்சிருக்கு, நேரா போட்டா என்னன்னு கேப்பீங்க. பதில் சொல்லிக்கிட்டிருந்தா வேலை நிக்கும். அதான் மூடுவேன்." அவள் எழுந்து வந்தாள். தன் போனை அவன் மடியில், விரித்த சட்டையின்மேல் வைத்தாள். "நம்ம பொண்ணு பொறந்த தேதிதான் நம்பர். எப்பவும் அதுதான். படிங்க."

"வேண்டாம்."

"வேணும். சத்தமா படிங்க. நானும் கேக்கறேன்."

அவள் போய் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அவன் திறந்தான். மாஸ்டர் என்ற பெயரை அழுத்தினான். விரல் போன இடத்திலிருந்து, குரல் எழும்பாமல், படிக்க ஆரம்பித்தான்.

"'எட்டாம் நம்பர் சைஸ் பேன்ட் முட்டியில பிடிக்குதுன்னு சொல்றாங்கம்மா. குனிஞ்சு துடைக்கற வேலை.' அதுக்கு நீ, 'முட்டிக்குப் பின்பக்கம் மட்டும் மூணு நூல் கூட்டறேன் மாஸ்டர். முன்பக்கம் கூட்டினா தொங்கும்.'"

"நில்லுங்க" என்றாள்.

நின்றான். அவள் முதுகு நிமிர்ந்தது. நாற்காலியை மேஜையோடு நெருக்கி இழுத்துக்கொண்டாள். விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

"எட்டாம் நம்பர், முட்டி, பின்பக்கம், மூணு நூல்" என்றாள் தனக்குள். "இதை நான் மறந்தே போயிருந்தேன். அடுத்தது?"

அவன் படித்தான். ஒன்பதாம் நம்பர் அக்குள். ஏழாம் நம்பர் கழுத்து. ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறாள், அவளுக்கு மட்டும் இடுப்பில் நாடா வைத்துத் தர முடியுமா என்று மாஸ்டர் கேட்டிருந்தார். முடியும் என்று இவள் எழுதி, அதற்கான அளவையும் எழுதியிருந்தாள். மாதக்கணக்கில் பின்னால் போய்ப் போய்ப் படித்தான். அவள் ஒவ்வொன்றாக வாங்கிக் கட்டங்களில் நிரப்பினாள். தொண்டை காய்ந்தது. தண்ணீர் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

நடுவில், அவன் விழுந்த வாரத்து மெசேஜுகள் வந்தன.

"'மாஸ்டர், இன்னிக்கு முடிச்சுத் தர முடியாது. அவருக்கு வலி அதிகம். காலை நகர்த்தினா அவர் கத்தறதைக் கேக்க முடியல. பக்கத்துலயே உக்காந்திருக்கேன். கோவிச்சுக்காதீங்க.' அவரு, 'மனுஷனைப் பாரும்மா, துணி எங்க போயிடப் போவுது'ன்னு... அதுக்கு நீ, 'அவருக்கு ஒண்ணுன்னா எனக்கு...'"

அவன் குரல் நின்றுவிட்டது. போனில் இருந்த எழுத்து கலங்கியது.

"அதை விடுங்க" என்றாள் அவள், திரும்பாமல். "அடுத்த அளவைச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமைக்குள் முடியவில்லை. அன்றும் அடுத்த இரண்டு நாளும் அவள் அவனிடம் அளவைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. சாப்பாட்டைத் தட்டில் வைத்துக் கட்டிலில் கொண்டுவந்து வைத்தாள், எடுத்துக்கொண்டு போனாள். திங்கட்கிழமை மத்தியானம் ஒன்பது சைஸும் போய்ச் சேர்ந்தன. தாமதத்துக்காக, அடுத்த ஆர்டரில் பாதியை வேறு ஒருத்தரிடம் கொடுத்துவிட்டார்களாம், மாஸ்டர் வருத்தத்தோடு போனில் சொன்னார். அவள் "பரவாயில்ல மாஸ்டர்" என்றாள். அட்டவணையை மூன்று இடத்தில் காப்பி எடுத்து வைத்தாள்.

பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிஷம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து சமையலறைப் பக்கம் போனவள், அவன் கட்டிலருகே நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள்.

"விரலெல்லாம் வீங்கிக் கிடக்கு. தொங்கப் போட்டுக்கிட்டே உக்காந்திருந்தீங்களா நாலு நாளா?"

"ம்."

ஸ்டூலைக் காலால் அவன் பக்கம் தள்ளிவிட்டாள். "தூக்கி இதுமேல வைங்க."

அவன் இரண்டு கையாலும் காலைப் பிடித்துத் தூக்கி ஸ்டூலின்மேல் வைத்தான். வைத்த பிறகும் குனிந்தபடியே இருந்தான், அவள் உள்ளே போகும்வரை.